அத்திக்கும் குளவிக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல்

அத்திப்பழம் சைவமா அசைவமா என்ற சண்டை வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது கிளம்பும். பழத்துக்குள் ஒரு குளவி நுழைந்து செத்துப்போகிறது, அதையும் சேர்த்துத்தான் தின்கிறோம் என்று யாராவது ஒரு செய்தியைத் தள்ளிவிடுவார்கள். ஒருவர் முகம் சுளிப்பார், இன்னொருவர் அதெல்லாம் புருடா என்பார், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்தச் செய்தியில் பாதி உண்மை. சுவாரசியமான மீதிப் பாதி அதில் இருக்காது.

அந்தக் குளவி வழிதவறி உள்ளே விழுந்த பூச்சி அல்ல. அது உள்ளே போகாவிட்டால் காட்டு அத்தியில் விதை பிடிக்காது. அத்தி இல்லாவிட்டால் அந்தக் குளவிக்குப் பிள்ளை பெற வேறு இடமே கிடையாது. இப்படி ஒன்றையொன்று நம்பி இரண்டு உயிர்கள் பிழைப்பதைப் பள்ளிக்கூடத்தில் 'பகிர்ந்து வாழும் வாழ்க்கை' என்று படித்திருப்போம். பூவுக்கு மகரந்தச் சேர்க்கை, பூச்சிக்குத் தேன், இருவருக்கும் லாபம் என்று இரண்டு வரியில் முடிந்துவிடும் பாடம் அது. படிக்கிறபோது ஏதோ இரண்டு நல்ல மனிதர்களின் நட்பு மாதிரித் தோன்றும். அத்தியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். அங்கே நடப்பது கறாரான கொடுக்கல் வாங்கல். இரண்டு தரப்பும் தன் காரியத்தைத்தான் பார்க்கின்றன. இடம் கிடைத்தால் ஏமாற்றவும் செய்கின்றன.

அத்தி என்று இங்கே நான் சொல்வது ஆற்றோரங்களில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தியை மட்டும் அல்ல. கோயில் அரசமரம், சாலையோர ஆலமரம், இத்தி, பேயத்தி, கடையில் உலர்பழமாக விற்கும் சீமை அத்தி எல்லாமே தாவரவியல்படி ஒரே பேரினம். உலகம் முழுவதும் இதில் 750க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அநேகமாக ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு குளவி இனம் இருக்கிறது. ஆலமரத்தின் குளவி அரசமரத்துக்கு உதவாது. அரசின் குளவிக்கு அத்தியில் வேலை இல்லை. 'ஒரு மரத்துக்கு ஒரு குளவி' என்று முன்பு கறாராகவே சொல்லிவந்தார்கள். மரபணுவைப் பார்க்கும் வசதி வந்த பிறகு, பல மரங்களுக்கு இரண்டு மூன்று குளவி இனங்கள் இருப்பது தெரிந்திருக்கிறது. ஆனாலும் மற்றப் பூக்களுக்கு வந்துபோகும் தேனீ, வண்ணத்துப்பூச்சிகளின் தாராளத்தோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறுகிய உறவுதான்.

பூ எங்கே இருக்கிறது?

ஆலமரத்தில் பூ பார்த்தவர் யாரும் இல்லை. அரசமரத்திலும் அப்படித்தான். காய் மட்டும் திடீரென்று வந்து நிற்கும். காரணம், நாம் காய் என்று நினைக்கும் அந்த உருண்டைதான் பூங்கொத்து. ஒரு தட்டில் நெருக்கமாகப் பூக்களை நட்டு, பூக்கள் உள்பக்கம் வருமாறு தட்டை மடக்கி, பாட்டிகள் இடுப்பில் செருகும் சுருக்குப்பை மாதிரி வாயை இறுக்கிக் கட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் அத்திக்காய். நாட்டு அத்தியில் ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கான பூக்கள் இருக்கும். இதழோ நிறமோ அவற்றுக்குத் தேவையில்லை. இருட்டுக்குள் யாருக்குக் காட்டுவது?

காயின் நுனியில், காம்புக்கு எதிர்ப்பக்கம், ஒரு சின்னப் புள்ளி தெரியும். அதுதான் வாசல். அங்கே குட்டிக் குட்டிச் செதில்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, வழியை அடைத்தபடி நிற்கும். தேனீயோ வண்டோ இதற்குள் நுழைய வாய்ப்பே இல்லை. இந்த வாசலுக்கென்றே உடம்பு அமைந்த ஒரு பூச்சிதான் உள்ளே போக முடியும்.

ஒரு குளவியின் இரண்டு நாள்

குளவி என்றதும் கூரை மூலையில் மண்கூடு கட்டிக் கொட்டுகிற பூச்சி நினைவுக்கு வரும். அதை மறந்துவிடுங்கள். அத்திக் குளவியின் நீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கொட்டாது. வெளியே வந்தபின் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் ஆயுள். அந்த நேரத்தில் அது எதுவும் சாப்பிடுவதும் இல்லை.

காய்க்குள் இருக்கும் பெண்பூக்கள் தயாரானதும் காய் ஒரு மணத்தை வெளியே விடுகிறது. நம் மூக்குக்கு எட்டாது, எட்டினாலும் பொருட்படுத்த மாட்டோம். அந்த மரத்துக்குரிய குளவிக்கு அது அழைப்பு. பெண்குளவி வந்து வாசலைத் தேடிப் பிடித்துச் செதில்களுக்கு இடையே தலையை நுழைக்கும். தட்டையான தலையும், தாடைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் பல்வரிசையும் இந்த ஒரு வேலைக்காகவே அமைந்தவை. முன்னே தள்ளிப் போகலாம், பின்னே வழுக்காது. வழி அவ்வளவு இறுக்கம் என்பதால் போகிற போக்கில் இறக்கைகள் பிய்ந்துவிடும், உணர்கொம்பின் நுனியும் ஒடிந்துபோகும். பெரும்பாலான இனங்களில் உள்ளே போன குளவி திரும்பி வருவதில்லை.

உள்ளே அதற்கு இரண்டு வேலை. பிறந்த காயிலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களின் சூல்முடியில், அதாவது மகரந்தம் ஏற்கும் நுனியில், சேர்க்க வேண்டும். கூடவே, தன் முட்டையிடும் குழலை அந்த நுனிக்குக் கீழே உள்ள சூல்தண்டு வழியாக இறக்கி, விதையாக வேண்டிய அடிப்பகுதியான சூலகத்தில் முட்டை வைக்க வேண்டும். ஒரு பூவுக்கு ஒரு முட்டை. முட்டை வைத்த பூ விதையாகாமல் வீங்கி, உள்ளே வளரும் புழுவுக்கு வீடும் உணவும் ஆகிவிடும். முட்டை விழாமல் மகரந்தம் மட்டும் கிடைத்த பூ விதையாகும். வேலை முடிந்ததும் தாய்க்குளவி அங்கேயே சாகும்.

சில வாரங்கள் கழித்து முதலில் வெளியே வருவது ஆண்குளவிகள். இவற்றைப் பார்த்தால் குளவி என்று சொல்லவே தோன்றாது. இறக்கை இல்லை, கண் பேருக்குத்தான், தாடை மட்டும் பலம். இருட்டுக்குள் ஊர்ந்துபோய்ப் பெண்குளவிகள் இருக்கும் பூக்களை மோப்பம் பிடித்து, ஓட்டைபோட்டு, பெண் கண்விழிப்பதற்குள்ளேயே இணைசேர்ந்துவிடும். அப்புறம் பல ஆண்கள் சேர்ந்து காயின் சுவரைக் குடைந்து வெளிவழி ஒன்று போடும். அந்த வழியாகத் தாங்கள் பறந்து போகப்போவதில்லை. இறக்கைதான் இல்லையே. காய்க்குள்ளேயோ வெளியே விழுந்தோ செத்துப்போகும். ஒரு காயைவிட்டு வேறு உலகம் பார்க்காத பிறவி.

அந்தச் சுரங்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. மூடிய காய்க்குள் கரியமில வாயு சேர்ந்து கிடக்கும். அந்தக் காற்றில் ஆண்கள் சுறுசுறுப்பாக இருக்கும், பெண்கள் மந்தமாகக் கிடக்கும். அரசமரக் காய்களில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சுவரில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று வந்ததும் பெண்கள் எழுந்து வெளிவரத் தொடங்கும். சரியாக அந்த நேரத்தில்தான் காய்க்குள் ஆண்பூக்கள் மலர்ந்து மகரந்தம் தயாராக இருக்கும். பெண்பூ முதலில், வாரக்கணக்கில் இடைவெளி விட்டு ஆண்பூ என்று மரம் வைத்திருக்கும் ஒழுங்கு இந்தக் குளவியின் வளர்ச்சியோடு அப்படியே பொருந்துகிறது.

பல இனங்களில் பெண்குளவியின் மார்புப் பகுதியில் மகரந்தத்துக்கென்றே இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. முன்காலால் மகரந்தத்தை வாரி அதற்குள் அடைத்துக்கொண்டு, சுரங்கம் வழியாக வெளியேறிப் பறக்கும். மேலே ஒட்டிக்கொண்ட மகரந்தம் தற்செயலாக விழுவதெல்லாம் மற்றப் பூச்சிகளின் கதை. இது தெரிந்தே அள்ளி, எடுத்துப்போய், உள்ளே சேர்க்கிறது. 'தெரிந்தே' என்ற சொல்லைப் பூச்சிக்குப் போடலாமா என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் செயல் அப்படித்தான் இருக்கிறது.

கணக்கு எங்கே இடிக்கிறது?

ஒவ்வொரு குளவிக்குஞ்சும் ஒரு விதையைத் தின்றுதான் வளர்கிறது. மரத்துக்கு விதையும் வேண்டும், தன் மகரந்தத்தைச் சுமக்கக் குளவியும் வேண்டும். குளவிக்கோ எல்லாப் பூவிலும் முட்டை வைத்தால்தான் லாபம். அப்படி எல்லாவற்றிலும் வைத்துவிட்டால் மரத்துக்கு ஒரு விதைகூட மிஞ்சாது. ஏன் அப்படி நடப்பதில்லை?

ஒரு காரணம் பூக்களின் அளவு. காய்க்குள் எல்லாப் பூவுக்கும் சூல்தண்டு ஒரே நீளம் இல்லை. குட்டையான தண்டுள்ள பூவில் குளவியின் குழல் அடிவரை எட்டும். நெட்டையான தண்டுள்ள பூவில் முட்டை வைப்பது கடினம். இன்னொரு காரணம் பயம் என்று சொல்லலாம். நெட்டைத் தண்டுப் பூக்களின் சூலகங்கள் காயின் வெளிச்சுவரை ஒட்டி இருக்கும். சுவரை வெளியிலிருந்தே துளைத்துக் குளவிக்குஞ்சுகளைத் தாக்கும் எதிரிகள் உண்டு. சுவரோரம் வளரும் குஞ்சு அவற்றுக்கு எளிதாக மாட்டும். உள்பக்கம் இருக்கும் பூவில் முட்டை வைப்பதே பாதுகாப்பு. இப்படி எதிரியின் தொல்லையால் மரத்துக்கு விதை மிஞ்சுகிறது. பாடநூல் சொல்லும் இருவர் உறவில் மூன்றாவது ஆள் ஒருவர் காவலாக நிற்கிறார் பாருங்கள்.

குளவி மகரந்தம் கொண்டுவராமல் முட்டை மட்டும் வைத்துவிட்டால்? மகரந்தம் அள்ளுவதும் சேர்ப்பதும் நேரம் பிடிக்கும் வேலை. இரண்டு நாள் ஆயுளில் அதைத் தவிர்த்தால் குளவிக்கு மிச்சம்தானே. பனாமாவில் இதைச் சோதித்திருக்கிறார்கள். மகரந்தம் இல்லாத குளவிகளை வேண்டுமென்றே உருவாக்கிக் காய்க்குள் விட்டுப் பார்த்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு: குளவி மகரந்தத்தைத் தானே அள்ளிவந்து சேர்க்கும் வகை மரங்களில், மகரந்தம் கிடைக்காத காய்களை மரம் உதிர்த்துவிடுகிறது, அல்லது அந்தக் காய்களில் குளவிக்குஞ்சுகள் குறைவாகவே தேறுகின்றன. காய் உதிர்ந்தால் உள்ளே உள்ள குஞ்சுகளும் காலி. கூலி வேலைக்கு ஏற்றபடிதான். மகரந்தம் தற்செயலாக ஒட்டிவரும் வகை மரங்களில் இந்தத் தண்டனை காணப்படவில்லை. அங்கே குளவி ஏமாற்றினாலும் அதற்கு மிச்சமாவது ஒன்றும் இல்லையே.

தண்டனைக்குத் தப்பிய திருடர்களும் உண்டு. ஆப்பிரிக்காவின் காட்டத்தி ஒன்றில் இரண்டு குளவி இனங்கள் ஒரே வாசல் வழியாக நுழைகின்றன. இரண்டும் நெருங்கிய சொந்தம். ஒன்று மகரந்தம் கொண்டுவரும். மற்றொன்று மகரந்தம் சேர்க்காது, முட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகும். முதல் குளவி நுழைந்து வேலை செய்த காயிலேயே இதுவும் நுழைந்துவிட்டால் மரத்துக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

நம் நாட்டு அத்தியிலும் கூட்டம் குறைவில்லை. வாசல் பக்கமே போகாமல் காயின் மேல் உட்கார்ந்து, தன் உடம்பைவிட நீளமான ஊசிக்குழலால் சுவரைத் துளைத்து முட்டை வைக்கும் குளவிகள் பல இனம். சில, பூவை வீங்கவைத்துத் தன் குஞ்சை வளர்க்கும். சில, ஏற்கெனவே உள்ளே வளரும் குஞ்சைத் தன் குஞ்சுக்கு இரையாக்கும். மயிரைவிட மெல்லிய குழலால் கெட்டியான அத்திக்காயை எப்படித் துளைக்கிறது? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இதை ஆராய்ந்தவர்கள், அந்தக் குழலின் நுனிப் பற்களில் துத்தநாகம் சேர்ந்திருப்பதை 2014இல் வெளியிட்டார்கள். துரப்பண ஊசியின் நுனியைக் கெட்டிப்படுத்தி வைத்திருக்கிறது அந்தப் பூச்சி.

இந்த ஒட்டுண்ணிகளுக்கு ஆப்பு வைப்பது எறும்பு. அத்திமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் சிவந்த முசுறு எறும்பைப் பார்த்திருப்பீர்கள், கடியும் வாங்கியிருப்பீர்கள். காயின் மேல் உட்கார்ந்து நெடுநேரம் துளைபோடும் குளவி அதற்கு எளிய இரை. மகரந்தக் குளவியோ சீக்கிரம் வாசலுக்குள் புகுந்துவிடும். அதிலும் கொஞ்சம் பலியாவது உண்டு. ஆனால் மொத்தத்தில் எறும்பு இருக்கும் மரத்துக்கு ஆதாயமே அதிகம். அத்தி மேல் ஏறிக் காய் பறிக்கிறவர்கள் முசுறைச் சபிப்பார்கள். மரம் அப்படிச் சபிக்கக் காரணம் இல்லை.

ஏமாற்றும் மரமும் உலர்பழக் கேள்வியும்

இதுவரை சொன்னது ஆல், அரசு, நாட்டு அத்தி போன்றவற்றின் வழி. ஒரே காய்க்குள் விதையும் உண்டு, குளவியும் உண்டு. அத்தி இனங்களில் ஏறக்குறையப் பாதி இன்னொரு வழியைப் பிடித்திருக்கின்றன. நம் ஊர்ப் பேயத்தி அந்த வகை. இதில் ஆண்மரம் தனி, பெண்மரம் தனி. ஆண்மரக் காய்களில் பூவெல்லாம் குட்டைத் தண்டு, குளவி வளரும், மகரந்தமும் கிடைக்கும், விதை இருக்காது. பெண்மரக் காய்களில் பூவெல்லாம் நெட்டைத் தண்டு. உள்ளே நுழைந்த குளவி ஒவ்வொரு பூவாகக் குழலை விட்டுப் பார்க்கும், எட்டாது. எட்டாத அலைச்சலில் மகரந்தம் மட்டும் எல்லாப் பூவிலும் சேர்ந்துவிடும். இறக்கையும் போய்விட்டது, திரும்ப வழியில்லை. ஒரு முட்டைகூட வைக்காமல் சாகும். பெண்மரம் விதையை முழுசாக எடுத்துக்கொள்ளும்.

குளவி ஏன் பெண்மரத்துக்குப் போகிறது என்று கேட்கலாம். இரண்டின் மணமும் அநேகமாக ஒன்றுபோல இருக்கிறது. ஆயுளோ ஒன்றிரண்டு நாள். தேர்ந்தெடுக்க நேரம் இல்லை. நட்பு என்று இந்த உறவுக்குப் பெயர் வைக்க எனக்கு மனம் வராததற்கு இந்தப் பெண்மரம் போதும்.

கடையில் விற்கும் சீமை அத்தியும் இந்த வகைதான். அதில் பயிரிடும் ரகங்கள் முக்கியமாக இரண்டு விதம். ஒன்று, மகரந்தம் இல்லாமலே காய் பழுக்கும் ரகம். மகாராஷ்டிரத்தின் புனே பக்கம் விளைந்து புதுப்பழமாக வரும் அத்தி இந்த விதம். அதற்குள் குளவி இல்லை. மற்றொன்று, மகரந்தம் கிடைத்தால்தான் காய் நிற்கும் ரகம். துருக்கியின் இஸ்மிர் வட்டாரத்து உலர் அத்தி இதற்குப் பேர்போனது. அந்த ஊரின் பழைய பெயர் ஸ்மிர்னா, ரகத்துக்கும் அதே பெயர். இந்தக் காய்க்குள் குளவி போகும், முட்டை வைக்காமல் சாகும். அதன் உடல் காய்க்குள் சிதைந்துபோகும். கடிக்கும்போது நறநறப்பது விதை, பூச்சி அல்ல.

மூன்றாவது, நம் நாட்டு அத்தி. அங்கே கதையே வேறு. ஒரு காயில் நூற்றுக்கணக்கில் குளவிகள் பிறந்து வளர்ந்து வெளியேறிய பிறகுதான் அது இனித்துப் பழுக்கிறது. இறக்கையில்லாத ஆண்கள் உள்ளே செத்துக் கிடக்கும். சுரங்க ஓட்டை வழியாக ஈப்புழுவும் வண்டும் வேறு குடியேறும். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று சும்மா சொல்லவில்லை. சமண மரபில் ஆல், அரசு, அத்தி உள்ளிட்ட ஐந்து மரப் பழங்களை உண்ணக்கூடாது என்று விலக்கியிருப்பதும் இவற்றுக்குள் உயிர்கள் இருப்பதால்தான். நுண்ணோக்கி இல்லாத காலத்தில் கண்ணால் கூர்ந்து பார்த்தவர்கள் எழுதிய விதி. சைவமா அசைவமா என்பதை அவரவர் வைத்திருக்கும் விதியே முடிவு செய்யட்டும். எந்த அத்தி என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

ஸ்மிர்னா ரகத்தோடு ஒரு பழைய கதையும் வருகிறது. 1880களில் கலிபோர்னியா விவசாயிகள் அந்த மரங்களைத் துருக்கிப் பக்கமிருந்து கொண்டுவந்து நட்டார்கள். மரம் செழித்தது, காய் வந்தது, பழுக்காமல் உதிர்ந்தது. மத்தியதரைக் கடல் நாட்டு விவசாயிகள் காட்டு அத்திக் காய்களை, அதாவது குளவி வளரும் ஆண்மரத்துக் காய்களைக் கோத்துத் தோட்ட மரத்தில் தொங்கவிடும் வழக்கம் உள்ளவர்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்கர் தியோஃபிராஸ்டஸ் அதைப் பதிவு செய்திருக்கிறார். கலிபோர்னியாவில் பலர் அதை நாட்டுப்புற மூடநம்பிக்கை என்று சிரித்தார்கள். கடைசியில் காட்டு அத்தியையும் அதன் குளவியையும் கொண்டுவந்து, 1899இல் ஃபிரெஸ்னோ பக்கம் குளவி வேரூன்றிய பிறகே பழம் நின்றது. இன்றும் அந்த ரகம் வளர்க்கிறவர்கள் பருவம் வந்ததும் குளவி நிறைந்த காட்டு அத்திக் காய்களைக் காகிதப் பையில் போட்டு மரத்தில் தொங்கவிடுகிறார்கள்.

குளவிக்காகக் காய்ப்பது, காட்டுக்கே சோறாவது

மாமரம் கோடையில் காய்க்கும், நாவல் அதற்கடுத்து. அத்தி, ஆலுக்கு அப்படி ஊருக்கெல்லாம் பொதுவான பருவம் கிடையாது. ஒரு மரம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சமயம் காய்க்கும். பக்கத்து மரம் வேறு மாதம் காய்க்கும். ஒரு மரத்தில் குளவிகள் வெளியேறும்போது அதே மரத்தில் பெண்பூ நிலையில் காய் இருக்காது. குளவி வேறு மரம் தேடியாக வேண்டும், அதுவும் ஒன்றிரண்டு நாளில். எல்லா மரமும் ஒரே மாதத்தில் காய்த்து ஓய்ந்தால் மிச்ச மாதங்களில் குளவி இனம் அழிந்துவிடும். ஆக, வட்டாரத்தில் எங்காவது ஒரு மரம் எப்போதும் காயோடு நிற்க வேண்டியிருக்கிறது.

அடுத்த மரம் எவ்வளவு தூரத்தில் இருக்கலாம்? நமீபியாவின் பாலைவனத்தில் உகாப் ஆற்றோரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் காட்டத்தி மரங்களை ஆராய்ந்து 2009இல் ஒரு முடிவு வெளியானது. எல்லா மரத்தின் மரபணுவையும் எடுத்து, விதைகளுக்குத் தகப்பன் மரம் எது என்று பார்த்தார்கள். மகரந்தம் 160 கிலோமீட்டர் தொலைவுவரை போயிருந்தது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பூச்சி தன் இறக்கை பலத்தில் அவ்வளவு தூரம் போக முடியாது. மேலே எழும்பிக் காற்றோடு மிதந்துபோய், மணம் பிடித்ததும் கீழே இறங்குகிறது. போய்ச் சேராமல் சாகும் குளவிகளே மிக அதிகம். ஒரு மரம் ஒரே பருவத்தில் அவ்வளவு பெருங்கூட்டத்தை அனுப்புவதால் சிலவாவது சேர்ந்துவிடுகின்றன.

குளவியை உத்தேசித்து நடக்கும் இந்த ஏற்பாட்டில் பெரிய லாபம் பார்ப்பது காட்டு விலங்குகள். வேறு பழம் எதுவும் இல்லாத வறண்ட மாதத்திலும் எங்கோ ஓர் ஆலோ அத்தியோ பழுத்து நிற்கும். அத்திப் பேரினத்துப் பழங்களை உண்ணும் பறவைகளும் பாலூட்டிகளும் உலகில் 1,200 இனங்களுக்கு மேல் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் சிங்கவால் குரங்கு, மலையணில், பச்சைப்புறா, குக்குறுவான், பழந்தின்னி வௌவால், மரநாய், கரடி என்று பட்டியல் நீளும். அடியில் விழுந்ததை மானும் பன்றியும் பொறுக்கும். ஆற்றுக்குள் விழுந்தால் மீன்.

இதில் இருவாச்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனைமலைப் பக்கம் பார்க்கக் கிடைக்கும் பெரிய இருவாச்சியின் பெட்டை மரப்பொந்துக்குள் போய், வாசலை அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு, மாதக்கணக்கில் உள்ளேயே அடைகாக்கும். சாப்பாடு கொண்டுவருவது சேவலின் பொறுப்பு. அது கொண்டுவருவதில் பெரும்பங்கு ஆலும் அத்தியுமான பழங்கள். அந்த மாதங்களில் காட்டில் அத்தி பழுக்காவிட்டால் பொந்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு நெருக்கடிதான். இப்படிப் பட்டியலின் ஒரு முனையில் இருவாச்சி என்றால் மறுமுனையில் அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குளவி. காட்டில் பெரிய மரங்களை வெட்டும்போது, மரச்சாமானுக்கு உதவாத ஆல் என்று முதலில் அதையே சாய்த்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. கட்டைக்கு ஆகாது என்பது சரி. மற்றபடி அது அறியாமை.

தின்றவை விதையைப் பரப்பும். பனைமரத் தலையில் ஆலங்கன்று முளைத்து, வேரைக் கீழே இறக்கி, ஒரு தலைமுறைக்குள் பனையையே வளைத்து நெரித்துவிடுவதை நம் ஊர்களில் எங்கும் பார்க்கலாம். மைனாவோ குக்குறுவானோ எச்சமிட்ட விதை அது. 1883இல் இந்தோனேசியாவின் கிராகடோவா எரிமலை வெடித்து அந்தத் தீவுகளில் உயிரெல்லாம் அழிந்த பிறகு, சில பத்தாண்டுகளுக்குள் பல இன அத்திகள் அங்கே வந்து சேர்ந்தன. கடல் தாண்டி விதையைக் கொண்டுவந்தவை பறவையும் வௌவாலும். அந்த மரங்கள் விதை கட்டுவதற்கு, அதே கடலைத் தாண்டி அதற்குரிய குளவியும் வந்தாக வேண்டியிருந்தது. வந்தது.

குளவி வராத ஊரில்

குளவி இல்லாத இடத்தில் அத்தி நட்டால் நிழல் கிடைக்கும், கன்று முளைக்காது. ஹவாய் தீவுகளில் சீன ஆல் என்ற மரத்தை அழகுக்காக நட்டார்கள். விதை இல்லாததால் அது நட்ட இடத்தோடு நின்றது. காடு வளர்ப்புக்கு உதவும் என்று 1938இல் அதன் குளவியையும் வரவழைத்தார்கள். அதன் பிறகு மரம் விதை கட்டியது, பறவைகள் பரப்பின, சுவர், பாலம், மற்ற மரங்கள் என்று எங்கும் முளைத்து இப்போது அங்கே தொல்லைதரும் மரங்களில் ஒன்றாகிவிட்டது. பூட்டும் சாவியும் தனித்தனியாக இருந்தவரை அடங்கிக் கிடந்த மரம்.

இவ்வளவு நுட்பமான பொருத்தம் எப்படி வந்தது? மரத்தில் வரும் சிறு மாற்றம் குளவியில் எது பிழைக்கும் என்பதை மாற்றும். குளவியில் வரும் மாற்றம் மரத்தைத் திருப்பி மாற்றும். செதில் இறுகினால் தட்டைத் தலையுள்ள குளவிதான் தேறும். குழல் நீண்டால் நெட்டைத் தண்டுள்ள பூதான் விதை காக்கும். இப்படி இரண்டு இனங்கள் ஒன்றையொன்று செதுக்கிக்கொண்டே போவதற்கு இணைப் பரிணாமம் என்று பெயர். அத்திக்கும் குளவிக்கும் இடையே இது 7 கோடி ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது என்று மரபணுவை வைத்துக் கணிக்கிறார்கள். இங்கிலாந்தின் வைட் தீவில் கிடைத்த 3.4 கோடி ஆண்டுப் பழைய குளவிப் புதைபடிவம் ஒன்று உண்டு. முதலில் அதை எறும்பு என்று வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். 2010இல் மறுபடி பார்த்தபோது, இன்றைய அத்திக் குளவியின் அதே உடல்வாகு, அதே மகரந்தப் பை, அதற்குள் அத்தி மகரந்தமும்கூட இருந்தது.

நேரில் பார்க்க விரும்பினால் அதிகம் அலைய வேண்டாம். நாட்டு அத்தி கொத்தாகக் காய்த்திருக்கும் மரம் ஒன்றைப் பிடியுங்கள், ஒரு கத்தியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். சின்னப் பச்சைக் காயை நெடுக்காகப் பிளந்தால் வெளிறிய பூக்கள் நெருக்கமாக நிற்கும். உள்ளே கறுப்பாக ஒரு துணுக்கு கிடந்தால் அதுதான் செத்த தாய்க்குளவி. வாசல் செதில்களுக்கு இடையே சிலசமயம் அதன் இறக்கை சிக்கியிருக்கும். கொஞ்சம் பெரிய காயில் சில பூக்கள் உப்பியிருப்பதைக் காணலாம், ஒன்றை ஊசியால் கீறினால் வெள்ளைப் புழு. பழுக்கத் தொடங்கும் நிலையில் பிளந்தால் கறுத்த பெண்குளவிகளும், வெளிறிய இறக்கையில்லாத ஆண்களும் கலந்து ஊரும். காலையில் பறித்த காயைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மெல்லிய துணியால் வாய் கட்டி வைத்தால் அவை வெளியே வருவதையே பார்க்கலாம். காயின் மேல் நீளமான வால் மாதிரி ஊசியோடு உட்கார்ந்திருப்பது ஒட்டுண்ணிக் குளவி. அதை நோக்கி ஓடிவருவது முசுறு. அந்தக் கிளையில் கை வைப்பதற்கு முன்னால் யோசித்துக்கொள்ளுங்கள்.